யாழ்ப்பாணத்தில் உங்கள் முதல் நொய்ஸ் நிகழ்ச்சி: பஸர் தகட்டிலிருந்து பொலிஸ் கடிதம் வரை

நொய்ஸ், அதாவது இரைச்சலையே இசையாக, வாசிக்கவேண்டும் என்று முடிவெடுத்த நாளிலிருந்து, நாற்பது பேர் முன்னால் பதினெட்டு நிமிடம் வாசித்த நாள் வரை எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதில் கருவிக்குப் போனது மூன்று கிழமை. மிச்சமெல்லாம் கடிதம், காத்திருப்பு, பிழையான அடப்ரர், சவுண்ட்காரரோடு இழுபறி. உங்களுக்கு அது ஆறு கிழமையில் முடியவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரைச்சல் இசை எங்கே தொடங்கியது, யார் தொடங்கினார்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. யப்பானிய நொய்ஸ் கலைஞர் மெர்ஸ்போவையோ இன்கெபாசிற்றன்ஸ் என்ற இருவர் குழுவையோ கேட்டுவிட்டு ‘இதை நானும் செய்து பார்த்தால் என்ன’ என்று நினைத்தவருக்கானது இது. ‘கம்பஸ் முடிச்சிட்டு அரசாங்க வேலையைப் பார்’ என்று வீட்டில் நெருக்கினால் பயப்படாதீர்கள். இன்கெபாசிற்றன்ஸ் இருவரில் ஒருவர் வங்கியில் வேலை பார்த்தவர், மற்றவர் அரச ஊழியர்.

1. திகதியைப் பிடியுங்கள், அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நான் விட்ட முதல் பிழை, கருவியெல்லாம் சேர்ந்தபிறகு திகதி தேடியது. திகதியை முதலில் பிடியுங்கள். யாழ்ப்பாணத்தில் எல்லாச் சனிக்கிழமையும் ஒன்றல்ல.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் வேண்டாம். றோட்டு மூடியிருக்கும், சவுண்ட் சேர்விஸ் ஒருவரும் கிடைக்கமாட்டார், கேட்கிற ஆட்களும் கோயில் வீதியில்தான் நிற்பார்கள். மற்றக் கோயில்களின் திருவிழாக் காலத்திலும் பெட்டி வாடகைக்கு எடுப்பது பாடுதான். சாதாரணதரம், உயர்தரம் பரீட்சை நடக்கும் கிழமைகளில் கடிதமே கொடுக்காதீர்கள். பிள்ளை படிக்கிற வீட்டுக்காரர் முறையிட்டால் அது நியாயமான முறைப்பாடு. நவம்பர் 21 முதல் 27 வரையும், மே 18-க்கு முந்திய கிழமையும் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்கள். அந்த நாட்களில் ஒலிபெருக்கி என்ற சொல்லைக் கேட்டாலே எல்லாப் பக்கமும் கண் திரும்பும், உங்களுக்கும் மனம் வராது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. தகரக் கூரைக்குக் கீழே மழை பெய்தால் உங்களை விடக் கூரை நன்றாக நொய்ஸ் வாசிக்கும்.

எனக்கு அமைந்தது மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று, பின்னேரம் 5.30. திகதி முடிவானதும் இப்படி எண்ணிக்கொள்ளுங்கள்: ஆறு கிழமைக்கு முன் மண்டபம், ஐந்து கிழமைக்கு முன் சவுண்ட், நான்கு கிழமைக்கு முன் கடிதங்கள், இரண்டு கிழமைக்கு முன் அயலவர் வீடுகள், ஒரு கிழமைக்கு முன் போஸ்டர். போஸ்டர் கடைசியில் வருவது தற்செயல் அல்ல. அனுமதி கைக்கு வராமல் திகதி போட்டு அச்சடித்த எழுபது போஸ்டர் இன்னும் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

2. கருவி: குறைவாக வாங்குங்கள்

இணையத்தில் பார்த்தால் மேசை நிறையப் பெடலும் வயரும்தான் தெரியும். தொடங்க அவ்வளவு தேவையில்லை. தொடுமைக் மூன்று, சின்ன மிக்சர் ஒன்று, சத்தத்தைச் சிதைக்கும் டிஸ்ரோர்ஷன் பெடல் ஒன்று, எதிரொலிக்க வைக்கும் டிலே பெடல் ஒன்று, சத்தம் போடக்கூடிய இரும்பு. இவ்வளவுதான்.

*தொடுமைக்.* காற்றில் வரும் ஒலியை இது பிடிக்காது. ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வைத்தான் பிடிக்கும். வெண்கல நிற வட்டத் தகட்டின் நடுவில் வெள்ளைப் பூச்சு இருக்கும், 27 அல்லது 35 மில்லிமீற்றர் அகலம். கடையில் ‘பீசோ’ என்று கேட்டால் முழிப்பார்கள், ‘பஸர் தகடு’ என்று கேளுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. கறுப்புப் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் சுற்றுடன் வரும் முழுப் பஸரைத் தந்துவிடுவார்கள். பற்றறி கொடுத்தால் தானாகக் கத்தும் சாமான் அது, மைக்காக வேலை செய்யாது. எட்டு வாங்கி எட்டும் வீண். வெறும் தகடு, இரண்டு வயர் ஏற்கெனவே ஈயம் வைத்து ஒட்டியது, அதுதான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடைகளில் சில நேரம் கிடைக்கும். இல்லாவிட்டால் கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிற ஆளிடம் சொல்லிவிடுங்கள். நான் ஒன்றுக்கு 60 ரூபா கொடுத்தேன். பத்து வாங்குங்கள், நாலு உடையும்.

நடு வெள்ளையிலிருந்து வருவது சிக்னல், வெண்கல ஓரத்திலிருந்து வருவது ஏத்து (நில இணைப்பு). கவசமுள்ள கேபிளில் இணைத்து, 6.35 மில்லிமீற்றர் மோனோ ஜக் போடுங்கள். ஈயம் வைக்கும்போது சூட்டுக்கோலை இரண்டு செக்கனுக்கு மேல் வெள்ளையில் வைக்காதீர்கள், பூச்சு கழன்றுவிடும். பிறகு இணைப்பின் மேல் சூட்டுப் பசை ஒரு சொட்டு. பசை இல்லாவிட்டால் அக்காவின் நகப்பூச்சு இரண்டு தடவை.

இனி எல்லோரும் விழுகிற குழி. தகட்டை நேராக மிக்சரில் செருகினால் தகரப் பேணிக்குள்ளிருந்து யாரோ கதைப்பதுபோல மெலிந்த சத்தம்தான் வரும். மைக் பழுது என்று நினைத்து நான் மூன்றைக் குப்பையில் போட்டேன். பழுது மைக்கில் இல்லை. பீசோவுக்கு மிக உயர்ந்த உள்ளீட்டுத் தடை வேண்டும், கிட்டத்தட்ட ஒரு மெகா ஓம். மிக்சரின் உள்ளீடு அதைவிட எவ்வளவோ குறைவு, அதனால் அடித்தொனி எல்லாம் வழியில் செத்துவிடும். புதிதாக ஒன்றும் கட்டத் தேவையில்லை. கிற்றார் பெடல்களின் உள்ளீடு பெரும்பாலும் அந்த அளவுக்கு உயர்ந்தது. தகடு முதலில் பெடலுக்குள், பெடலிலிருந்து மிக்சருக்குள். அடித்தொனி திரும்பி வந்துவிடும்.

*எதில் ஒட்டுவது.* இதற்குக் கடைக்குப் போகாதீர்கள், வீட்டுக் கோடியைப் பாருங்கள். பழைய சைக்கிள் சில்லு என் கையில் இருப்பதிலேயே நல்ல வாத்தியம். கம்பிகளை வில்லால் இழுக்கலாம், சில்லைச் சுழலவிட்டு ஈர்க்கால் தொடலாம். தேங்காய் திருவலை, கிணற்றுக் கப்பி, உடைந்த கட்டிலின் சுருள்வில், வளைந்த கூரைத் தகரம் எல்லாம் சரி. பனையோலை ஒன்றை மெல்லக் கிழித்துப் பாருங்கள், நூறு மடங்கு பெருப்பித்தால் அது வேறு உலகம். தகரத்தின் ஓரத்தில் ஒட்டுநாடா சுற்றுங்கள். எனக்கு ஐந்து தையல்.

*மிக்சர்.* நாலு சனல், குறைந்தது ஒரு ‘ஓக்ஸ்’ (துணை) வெளியீடு இருக்கவேண்டும். புளூரூத், யூஎஸ்பி, எம்பி3 என்று மினுங்குவதெல்லாம் தேவையில்லை. நான் எடுத்தது பழைய பெரிங்கர், கைமாறியது, 18,000 ரூபா. ஓக்ஸ் கேட்பதற்குக் காரணம் உண்டு. மிக்சரின் வெளியீட்டையே திரும்ப அதன் உள்ளீட்டில் செருகினால், வெளியே ஒரு கருவியும் இல்லாமல் மிக்சர் தானாகப் பாடும். யப்பானில் தொஷிமாரு நகமுரா பல வருடமாக இதையே வாசிக்கிறார். ஓக்ஸ் வெளியீட்டிலிருந்து முதலாம் சனலுக்கு ஒரு கேபிள், எல்லாக் குமிழும் பூச்சியத்தில், பிறகு ஓக்ஸை மெல்ல மெல்லத் திருப்புங்கள். அடித்தொனி, மேல்தொனியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர்தான் இனி உங்கள் சுருதிப்பெட்டி. ஹெட்போன் போட்டுக்கொண்டு இதைச் செய்யவே செய்யாதீர்கள். மயிரிழை திருப்பலில் சத்தம் பல மடங்கு பாயும், காது போனால் திரும்பி வராது. சின்ன ஸ்பீக்கரில், தாழ்வாக, கை எட்டும் தூரத்தில் வைத்துப் பழகுங்கள்.

*பெடல்கள்.* எந்தக் கொம்பனி என்று மண்டையை உடைக்காதீர்கள். திருமண பாண்ட் வாசித்துவிட்டு வெளிநாடு போகும் பெடியளிடம் எப்போதும் ஒரு டிஸ்ரோர்ஷன் விற்பனைக்கு இருக்கும். என் இரண்டும் சேர்த்து 20,000. டிலேயை டிஸ்ரோர்ஷனுக்குப் பின்னால் போட்டால் எதிரொலி தெளிவாக விழும். முன்னால் போட்டால் எல்லாம் கூழாகும். கூழ்தான் வேண்டும் என்று பிறகு முடிவெடுப்பீர்கள்.

கனடாவிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லிவிடலாம், ஆனால் வயர்லெஸ் மைக் மட்டும் சொல்லாதீர்கள். வானலைக் கருவிக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், அது சுங்கத்தில் மாட்டினால் மாமா உங்களோடு கதைக்கமாட்டார்.

கையால் கட்டிய பெட்டிகளைக் கொண்டு திரிவது பற்றி ஒரு சொல். ஒன்பது வோல்ட் பற்றறி, வெளியே தொங்கும் வயர், பிஸ்கற் ரின்: இந்த நாட்டில் பையைத் திறக்கிறவருக்கு இது என்னவாகத் தெரியும் என்று யோசியுங்கள். கொழும்பு பஸ்ஸில் ஒரு தடவை என்னை இறக்கி முக்கால் மணித்தியாலம் வைத்திருந்தார்கள். அதன்பிறகு என் பெட்டிகள் எல்லாம் உள்ளே தெரிகிற சாப்பாட்டுப் பெட்டிகள். பற்றறியைக் கழற்றித் தனியாக வைக்கிறேன், மேலே ‘இசைக்கருவி’ என்று மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறேன். சின்ன ஸ்பீக்கரும் கூடவே வரும், வாசித்துக் காட்ட.

3. மின்சாரம்

இங்கே 230 வோல்ட். பழைய கட்டடங்களில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் ஏத்து வயரே இருக்காது. மின்வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய்ச் சோதியுங்கள், 1,500 ரூபாவோடு போகும். கும்மென்ற இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் ஏத்து முள்ளை வெட்டுகிற ஆட்கள் உண்டு. நீங்கள் ஈரக் கையோடு தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறீர்கள். வெட்டாதீர்கள்.

அடப்ரர்: பெரும்பாலான பெடல்களுக்கு ஒன்பது வோல்ட், நடு முள் எதிர்மறை. கடையில் சும்மா வாங்கும் அடப்ரர் பலதில் நடு முள் நேர்மறை. என் டிலே அதில்தான் செத்தது. பெடலின் பின்னால் இருக்கும் படத்தை ஃபோனில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உருளை முள்ளும் சதுர முள்ளும் கலந்த ஊர் இது, மாற்றுச் செருகி நாலு கொண்டுபோங்கள்.

4. வீட்டில் பழகுதல்

காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் பழகுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், ஆட்கள் வேலையில். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை இங்கே ஊரே படுக்கும்.

காதுக்கு ஒரு கணக்கு: 85 டெசிபெல் என்றால் எட்டு மணித்தியாலம் தாங்கலாம். மூன்று டெசிபெல் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் உங்களுக்குப் பதினைந்து நிமிடம்தான். நிகழ்ச்சிகளில் பலர் பதினைந்து, இருபது நிமிடத்தோடு நிறுத்துவது நல்ல பழக்கம். நுரைப்பஞ்சுக் காது அடைப்பான்கள் பார்மசியில் கிடைக்கும். உருட்டி மெலிதாக்கி, மற்றக் கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விடவேண்டும். வெளியே பாதி தொங்கினால் போடாததற்குச் சமம்.

5. இடம்

கலியாண மண்டபம் பெரிது, காசும் பெரிது. பாடசாலை மண்டபத்தை நினைக்கவே வேண்டாம். சனசமூக நிலையம் மலிவு, சிலது இலவசம், ஆனால் நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கவேண்டும், குழுவில் ஒருவர் கட்டாயம் ‘வயலின் வைக்கேலாதோ’ என்று கேட்பார். எனக்குச் சரிவந்தது ரியூட்டரிக் கொட்டகை. சனி பின்னேரம் வகுப்பு முடிந்தபிறகு சும்மா கிடக்கும், வாங்கு இருக்கும், சைக்கிள் விட இடமிருக்கும். வாடகை 6,000, முற்பணம் 5,000.

பார்க்கப் போகும்போது கையைத் தட்டிப் பாருங்கள். தகரக் கூரை சில தாழ்ந்த தொனிக்குத் தானும் சேர்ந்து ஆடும். அழகுதான், ஆனால் ஆணி கழன்று விழுந்த கதையும் உண்டு. கதவு எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டுக்குக் குறைந்தால் வேறு இடம் பாருங்கள், காரணம் எட்டாவது பகுதியில் வரும்.

6. கடிதங்கள்

இதுதான் ஏழு மாதத்தில் நாலைத் தின்றது. ஒழுங்கு முக்கியம், ஒன்றைக் காட்டித்தான் மற்றதை எடுக்கலாம்.

முதலில் மண்டபக்காரரின் சம்மதக் கடிதம். வாய்ச்சொல் போதாது. திகதி, நேரம், ‘ஒலிபெருக்கி பயன்படுத்த ஆட்சேபனை இல்லை’ என்ற வரி, கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், ஃபோன் இலக்கம். கடிதத்தை நீங்களே அடித்துக்கொண்டு போனால் அன்றைக்கே கையொப்பம் கிடைக்கும். அவரை எழுதச் சொன்னால் பத்து நாள்.

இரண்டாவது, விதானையார் (கிராம அலுவலர்). உங்களை வதிவிடத்தில் தெரியும் என்று ஒரு கடிதம். கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இருந்தால் பொலிஸில் கேட்கும் கேள்விகளில் பாதி குறைந்துவிடும். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டறிந்து போங்கள், நான் இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்தேன்.

மூன்றாவது, ஒலிபெருக்கி அனுமதி. மண்டபம் எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் இருக்கிறதோ அங்கே, பொறுப்பதிகாரிக்கு எழுதவேண்டும். உங்கள் வீட்டுப் பொலிஸ் நிலையம் அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் எனக்குப் பன்னிரண்டு நாள் போனது. கோரிக்கைக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, மண்டபச் சம்மதம், பெட்டி எத்தனை, தொடங்கும் நேரம், முடியும் நேரம். தமிழ்க் கடிதத்தோடு சிங்களப் பிரதி ஒன்றையும் இணைத்தால் கோப்பு வேகமாக நகரும். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி, ஒன்றில் ‘கிடைத்தது’ என்று திகதி முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

நேரத்தில் விளையாடாதீர்கள். 2007-இல் உச்ச நீதிமன்றம் ஒலிபெருக்கி வழக்கொன்றில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக்கூடாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பே சத்தம் இடத்தின் எல்லைக்குள் நிற்கவேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் 8.30-க்கு முடிப்பதாக எழுதுங்கள், 7.30-க்கு முடியுங்கள்.

இனி சொல்லில் கவனம். முதற் கடிதத்தில் நான் நேர்மையாக ‘இரைச்சல் இசை நிகழ்ச்சி’ என்று எழுதினேன். மேசையில் இருந்தவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்: “தம்பி, இரைச்சலைக் குறைக்கத்தான் நாங்கள் இஞ்ச இருக்கிறம். நீர் இரைச்சலுக்குப் பெர்மிற் கேக்கிறீரோ?” அவரில் பிழை சொல்ல முடியாது. இரண்டாவது கடிதத்தில் ‘கலை நிகழ்வு’ என்று எழுதினேன். என்ன கலை, நாடகமா, வசனம் உண்டா, பிரதி எங்கே என்று கேட்டார்கள். மேடை நாடகத்துக்குப் பிரதி அனுமதி எடுக்கும் நடைமுறை தனி, அந்த வரிசையில் போய் நின்றால் மாதக்கணக்கு. மூன்றாவது முறை எழுதியது இது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘பரீட்சார்த்த வாத்திய இசை நிகழ்ச்சி. பாடலோ உரையோ இல்லை. மூன்று கலைஞர்கள், ஒவ்வொருவரும் 20 நிமிடம். அனுமதி இலவசம்.’ ஒன்றும் பொய்யில்லை. ஒன்பது நாளில் கிடைத்தது. வாசிக்கும்போது வாய் திறந்து கத்தப்போகிறீர்கள் என்றால் ‘பாடலோ உரையோ இல்லை’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். பிறகு யாரும் கேள்வி கேட்டால் உங்களைக் காப்பது இந்தக் கடிதம்தான்.

நான்காவது, ரிக்கற். விற்றால் கேளிக்கை வரி, அது உள்ளூராட்சிச் சபைக்கு. மாநகர சபைக்குள் என்றால் மாநகர சபை, வெளியே என்றால் அந்தப் பிரதேச சபை. ரிக்கற்றை அச்சடித்து, கொண்டுபோய், முத்திரை குத்தி எடுக்கவேண்டும். முதல் நிகழ்ச்சிக்கு இந்தச் சில்லெடுப்பே வேண்டாம். இலவசமாக வையுங்கள், வாசலில் உண்டியல் ஒன்று. ‘நன்கொடை 500 ரூபா’ என்று அட்டை அச்சடித்தால் அதையும் ரிக்கற் என்று சொல்ல இடமிருக்கிறது.

ஐந்தாவது கடிதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒழுங்கையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே நேரில் போங்கள். நான் பதினான்கு வீடு போனேன், பதினொரு இடத்தில் தேத்தண்ணி. திகதி, நேரம், ‘கோயில் லவுட்ஸ்பீக்கர் அளவுக்கு இருக்கும், ஒன்றரை மணித்தியாலம், சத்தம் கூடினால் இந்த இலக்கத்துக்கு எடுங்கோ’ என்று ஒரு துண்டு. வருத்தக்காரர், கைக்குழந்தை, படுக்கையில் வயோதிபர் உள்ள வீடுகளைக் குறித்துக்கொண்டு, பெட்டிகளை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். ஒழுங்கையில் செத்தவீடு விழுந்தால் நிகழ்ச்சி இல்லை, அனுமதி கையில் இருந்தாலும் இல்லை. எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை பொறுங்கள். அதனால்தான் மண்டபக்காரரிடம் ஆரம்பத்திலேயே மாற்றுத் திகதி ஒன்று கேட்டு வைக்கவேண்டும்.

7. சவுண்ட் சேர்விஸ்காரர்

இவர் உங்களைவிட நன்றாக ஒலி தெரிந்தவர். இருபது வருடம் கோயில் வீதியில் பெட்டி கட்டியவர். தன் பெட்டிக்குப் பயப்படுகிறார், பயம் சரியானது. தொடர்ச்சியான கீச்சொலி ருவீற்றரை எரிக்கும், காதுக்குக் கேட்காத ஆழத் தொனி வூபரை அடித்து நொறுக்கும், அம்பிளிபயர் தெறிக்கத் தெறிக்க ஓடினால் இரண்டும் போகும். என் முதல் சவுண்ட்காரர் ஒலிச் சோதனையில் நாலு நிமிடம் கேட்டுவிட்டு வயரைச் சுருட்டத் தொடங்கினார். “தம்பி, உங்கட மிக்சர் பழுதோ, நீங்கள் பழுதோ?” என்றுதான் கேட்டார். முற்பணம் 5,000 அவரோடு போனது.

ஆகவே முன்பே அவர் வீட்டுக்குப் போய், ஃபோனில் அல்ல, உங்கள் கருவியையே கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். 40 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 12,000-க்கு மேலேயும் வெட்டச் சொல்லுங்கள், சத்தம் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிற்றர் போடச் சொல்லுங்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் அவரே குறைக்கலாம் என்று உரிமை கொடுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வையுங்கள். இரண்டாவது சவுண்ட்காரரோடு இப்படிச் செய்தேன். பன்னிரண்டு அங்குலப் பெட்டி இரண்டு, சப் ஒன்று, ஆளோடு சேர்த்து 20,000. மூன்றாவது கலைஞர் வாசிக்கும்போது குமிழுக்குக் கை வைத்து அவரே டிலே கூட்டிக்கொண்டு நின்றார்.

8. அதிர்ச்சி: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

நொய்ஸ் உலகில் அதிர்ச்சிக்குப் பெரிய இடம் உண்டு. 1985-இல் டோக்கியோவில் ஹனதராஷ் என்ற குழுவின் நிகழ்ச்சிக்கு வந்தவர்களிடம் காயம் பட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று கையொப்பம் வாங்கிவிட்டு, மண் தோண்டும் இயந்திரத்தையே மண்டபத்துக்குள் ஓட்டினார்கள். இங்கிலாந்தில் பவர் எலெக்ரோனிக்ஸ் என்ற நொய்ஸ் கிளையின் குழுக்கள் கொலையையும் வதைமுகாமையும் படமாகவும் பாட்டாகவும் போட்டன. ஒஸ்ரேலியாவில் ஒருவர் கண்ணாடித் துண்டில் தொடுமைக் ஒட்டி வாயால் வாசிக்கிறார், வாய் கிழியும். இதில் எதையும் நகல் எடுக்காதீர்கள். போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவில் இரவு ஒன்பது மணிக்கு இதை எந்தச் சொல்லால் விளங்கப்படுத்துவீர்கள்?

அந்த ஆட்கள் அதிர்ச்சி கொடுத்தது அதிர்ச்சியே தெரியாமல் சோபாவில் சாய்ந்திருந்த சனத்துக்கு. உங்கள் முன்னால் வாங்கில் இருக்கப்போவது வேறு சனம். ஒருநாள் வீட்டில் தாழ்ந்த உறுமல் ஒன்றை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தேன். டிலேயில் அது விலகி விலகிக் கிட்ட வந்தது, எனக்கு நல்ல புளுகம். குசினியில் நின்ற அம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டு முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் அடுப்பை மூட்டினா.

அதற்குப்பிறகு நான் வைத்துக்கொண்ட ஒழுங்குகள். சைரன், ஹெலி, வெடிச் சத்தப் பதிவுகள் எதையும் பாவிப்பதில்லை. இங்கே அதைப் போட்டால் யாரும் அதிர்வார்கள், அதில் உங்கள் திறமை ஒன்றும் இல்லை. முழு அமைதியிலிருந்து ஒரேயடியாக உச்சத்துக்குப் பாய்வதில்லை. முதல் முப்பது செக்கன் ஏறிக்கொண்டு வரட்டும், உடம்பு ஆயத்தமாகும். விளக்கை முழுதாக அணைப்பதில்லை. இரண்டு கதவும் திறந்தே இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பெடியன், எழும்பிப் போகிறவரை மறிக்கவோ சிரிக்கவோ கூடாது. வாசலில் பெரிய எழுத்தில்: ‘உரத்த, நீண்ட, தாழ்ந்த ஒலிகள் வரும். எந்த நேரமும் வெளியே போய்த் திரும்பி வரலாம். காது அடைப்பான் இங்கே இலவசம்.’ போஸ்டரிலும் இதே வரி. மண்டபத்தில் அறுபது வயதுக்கு மேல் ஒருவரைக் கண்டால் பக்கத்தில் போய் நேரில் சொல்லுங்கள்.

சட்டப் பக்கம். மதச் சின்னம், மந்திரம், பிரித், பாங்கு, தேவாலயப் பாட்டு எதையும் வெட்டி ஒட்டி உருக்குலைக்காதீர்கள். மத உணர்வைப் புண்படுத்துவதற்கு எதிராகத் தண்டனைச் சட்டக் கோவையின் 291அ, 291ஆ பிரிவுகள் இருக்கின்றன. அதைவிடக் கடுமையானது 2007-இன் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டம். அதன் மூன்றாம் பிரிவில் பிடிபட்டால் பிணைக்கு மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். 2023-இல் கொழும்பில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் மேடையில் சொன்னதற்கு ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். சீருடை, கொடி, இயக்கச் சின்னம் எதுவும் மேடையில் வேண்டாம். உங்கள் கலைத் துணிவைப் பற்றிய தீர்ப்பு அல்ல இது. மண்டபக்காரரின் கையொப்பமும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது, அவருக்கு ரியூட்டரி நடத்தவேண்டும்.

அப்படியானால் அதிர்ச்சிக்கு என்ன மிச்சம்? நிறைய. பத்து நிமிடம் சுவர்போல நின்ற சத்தத்தை ஒரே வெட்டில் நிறுத்திப் பாருங்கள். மண்டபத்தில் மின்விசிறி சுற்றுவது கேட்கும், யாரோ மூச்சை விடுவது கேட்கும். எறும்பு ஊரும் ஓலையைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். எங்கள் நிகழ்ச்சியில் அதிகம் பேசப்பட்டது தேங்காய் திருவலைதான். பாதித் தேங்காயை நிதானமாகத் துருவினார் ஒரு தங்கச்சி, பன்னிரண்டு நிமிடம், டிஸ்ரோர்ஷனோடு. முன்வரிசையில் இருந்த ஒரு மாமி எழும்பிப் போகாமல் கடைசிவரை இருந்துவிட்டு, “பிள்ளை, உது பாட்டே?” என்று கேட்டா. பிறகு, “தேங்காய் முத்தினது” என்றா.

9. அன்றைய நாள்

பெட்டிகள் மத்தியானம் இரண்டுக்கு. ஒலிச் சோதனை நாலுக்குள் முடியட்டும். சோதனையின்போது ஒழுங்கை முனைவரை நடந்து கேளுங்கள். அனுமதிக் கடிதத்தின் மூலப்பிரதி உங்கள் சட்டைப் பையில், பிரதி வாசலில் நிற்பவரிடம். பொலிஸ் வந்தால், எங்களிடம் வந்தார்கள், வாசிக்கிறவர் நிறுத்தத் தேவையில்லை. வாசலில் நிற்பவர் நிதானமான, கொஞ்சம் சிங்களம் தெரிந்த ஆளாக இருக்கட்டும். கரண்ட் நின்றால் என்ன செய்வது என்று முன்பே யோசியுங்கள். ஜெனரேற்றர் வாடகை 8,000 சொன்னார்கள், நான் எடுக்கவில்லை, நின்றால் தகரத்தை வெறுங்கையால் வாசிப்பது என்று முடிவு. நிற்கவில்லை.

10. செலவு

கருவிக்கு: தகடு 600, கேபிளும் ஜக்கும் 1,800, சூட்டுக்கோலும் ஈயமும் 2,200, மிக்சர் 18,000, பெடல் இரண்டு 20,000, சரியான அடப்ரர் இரண்டு 2,400. மொத்தம் 45,000. பிழையாக வாங்கியவை வேறு 9,000, அதை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம்.

நிகழ்ச்சிக்கு: வாடகை 6,000, சவுண்ட் 20,000, ஓட்டோ 3,000, போஸ்டர் 2,500, காது அடைப்பான் ஐம்பது சோடி 4,000, தண்ணீரும் தேத்தண்ணியும் 3,500. மொத்தம் 39,000. உண்டியலில் விழுந்தது 11,340. மூன்று பேரும் பங்கிட்டு மிச்சத்தைப் போட்டோம். விலைகள் நான் கொடுத்தவை, நீங்கள் போகும்போது ஏறியிருக்கும்.

மண்டப முற்பணத்தை அன்றிரவே கேட்காதீர்கள். மறுநாள் காலை விளக்குமாறோடு போய்க் கூட்டி, வாங்குகளை வகுப்புக்குத் தக்கபடி அடுக்கி, கூரை ஆணிகளை அவரோடு நின்று பார்த்து, பிறகு கேளுங்கள். எனக்கு 5,000-மும் முழுதாக வந்தது. கரும்பலகையில் நாங்கள் எழுதிய நிகழ்ச்சி நிரலை மட்டும் அழிக்க மறந்துவிட்டேன், திங்கள் காலை இரசாயன வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்களாம்.